கீசர் சொன்னதும் பாட்டி சொன்னதும்

மார்கழி பிறந்தால்தான் சென்னைக்காரர்களுக்குக் குளிர் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். அதுவரை தூசி படிந்து கிடந்த கீசருக்கு அப்போதுதான் மவுசு! தாம்பரம் பக்கத்து அந்த வீட்டிலும் அப்படித்தான். 15 லிட்டர் கீசர், வயது ஒன்பது. மாட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

முதலில் அது சத்தம் போட்டது. சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று ஓர் ஓசை. "பழசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா. ஆனால் அது வயதின் சத்தம் இல்லை, உப்பின் சத்தம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடு பட்டதும் காயில் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். வெந்நீர் போடும் பாத்திரத்தில் படிகிறதே, அதே வெள்ளைதான். அந்தப் படிவுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறும்போதுதான் இந்தப் பொரி சத்தம். படிவு தடிக்கத் தடிக்கக் காயிலின் சூடு தண்ணீருக்குச் சுலபமாகப் போகாது. காயில் தன் சூட்டில் தானே வெந்து, ஒருநாள் அதன் மேலுறை விரிசல் விடும்.

அடுத்தது சொட்டு. கீசருக்கு அடியில் இருந்த வால்விலிருந்து தண்ணீர் சொட்டியது. எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்று அப்பா முடிவே செய்துவிட்டார். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட்டார்! தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட ஒரு டம்ளர் அளவு கூடுகிறது. அது வெளியேறத்தான் அந்த வால்வு. சூடாகும்போது மட்டும் சொட்டினால் பயப்பட வேண்டாம். கீசர் ஆறிக் கிடக்கும்போதும் விடாமல் சொட்டினால் வால்வு கெட்டிருக்கலாம், அல்லது தண்ணீர் வரும் அழுத்தம் அதிகம். அப்போது வால்வை மாற்ற வேண்டுமே தவிர அடைக்கக் கூடாது. தெர்மோஸ்டாட்டும் கைவிட்ட நாளில் அடைத்த வால்வோடு இருக்கும் கீசர், கீசர் இல்லை... வெடிகுண்டு.

மூன்றாவதாகச் சொன்னது பாட்டி. "குழாயத் தொட்டா சுள்ளுங்குதுடி" என்றார் அம்மாவிடம். அம்மா போய்த் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படிக்கும் பேரனும் தொட்டுப் பார்த்தான், ஒன்றும் இல்லை. "வயசாச்சுல்ல பாட்டி, நரம்புத் தளர்ச்சியா இருக்கும்" என்று வைத்தியமும் சொல்லிவிட்டுப் போனான். மறுநாளும் பாட்டி அதையே சொன்னார். அதற்கடுத்த நாள் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு அன்று வால்வுக்காக வந்த எலக்ட்ரீஷியனிடம் பேரன் இதையும் ஒரு வேடிக்கையாகச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. "பாத்ரூமுக்கு யார் யார் செருப்பு போட்டுட்டுப் போவீங்க, தம்பி?" என்றார்.

எல்லோரும் ரப்பர் செருப்போடுதான் போவார்கள். வீட்டுக்குள் செருப்பு போடாத ஒரே ஆள் பாட்டி.

மெயினை அணைத்து, கீசரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். காயில் உறையில் விரிசல், கரண்ட் தண்ணீரில் கசிந்துகொண்டிருந்தது. பிளக்கைத் திறந்தால் அதைவிட மோசம். எர்த் ஒயர் எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கியது. கசிந்த கரண்ட் பூமிக்குப் போக வேறு வழி இல்லாததால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற பாட்டியின் உடம்பு வழியாகப் போயிருக்கிறது. பேரன் முகத்தில் ஈயாடவில்லை. எர்த் எதற்கு என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவன் அவன்!

மற்ற கோளாறுகள் இவ்வளவு பயமுறுத்துபவை இல்லை. விளக்கே எரியாவிட்டால் முதலில் பிளக்கையும் எம்.சி.பி.யையும் பார்க்கலாம். விளக்கு எரிந்தும் தண்ணீர் சூடாகாவிட்டால் பெரும்பாலும் காயில் போயிருக்கும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தால் தெர்மோஸ்டாட். ஷவரில் மட்டும் தண்ணீர் குறைந்தால் அதன் துளைகளில் உப்பு. வழக்கத்தைவிட நேரமானால் வோல்டேஜும் காரணமாக இருக்கலாம். 230 வோல்ட்டில் 18 நிமிடம் எடுக்கும் 2000 வாட் கீசர் 190 வோல்ட்டில் 26 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். டேங்கே ஒழுகினால் புதுசு வாங்குவதுதான் வழி. ஆனால் "சுள்" என்று ஒருமுறை இருந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். இதில் சொந்தக் கைவைத்தியம் ஆகாது.

காயில், வால்வு, பிளக் எல்லாம் மாறின. எர்த் ஒழுங்காகச் சேர்ந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வந்தது. மறுநாள் காலை பாட்டி குளித்துவிட்டு வரும்வரை பேரன் பாத்ரூம் வாசலிலேயே நின்றான்.

"இப்போ சுள்ளுங்கலடா" என்றார் பாட்டி, தலையைத் துவட்டிக்கொண்டே. "நரம்பு சரியாயிடுச்சு போல!"

வீட்டில் ஒரு சாமான் புதிதாகச் சத்தம் போட்டால் என்னவென்று பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர் புதிதாக ஒன்று சொன்னால், அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும்.