அதுக்கு முன்ன

ரூபவாஹினி ராத்திரி ஒளிபரப்பை முடித்துக்கொண்ட பிறகும் எங்கள் வீட்டு டயனோரா பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். எழுந்துபோய் அணைக்க யாருக்கும் தோன்றாது. அப்பா ஈஸிசேரிலேயே தூங்கியிருப்பார். ஆச்சி நடையில் தலைவைத்துப் படுத்திருப்பாள். திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொதிக்கும்; உஸ்ஸென்று விடாத இரைச்சல். நாங்கள் அதைக் கிரெயின்ஸ் என்போம். ஆச்சிக்கு அந்தச் சொல் வராது. "எறும்பு ஊருது" என்பாள்.

1984. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். கொடைக்கானல் ஒளிபரப்பு எங்கள் பக்கம் வந்திராத காலம். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் இலங்கைப் படம்தான் எங்களுக்குத் தொலைக்காட்சி. எங்களுடையது ஓட்டு வீடு, உயரம் போதாது. பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த பாழ்வீட்டின் தட்டட்டியில் ஒரு கம்பத்தை நட்டு அப்பா ஆன்டெனா கட்டியிருந்தார். காற்றடித்தால் அது திரும்பிவிடும். அவர் மேலே ஏறுவார், நான் திரைக்கு முன்னால் நிற்பேன். "தெரியுதாலே?" "இல்லப்பா." "இப்ப?" "எறும்புதான்."

அந்தத் தட்டட்டி முழுக்கப் புறாக்கள். ஆன்டெனாவின் குறுக்குக் குழாய்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்பா மேலே போகும்போதெல்லாம் ஒரு பழைய துணியும் கொண்டுபோவார், எச்சத்தைத் துடைக்க. புறா உட்காருவதால்தான் கிரெயின்ஸ் வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில் இரண்டு பேர் இதையே செய்திருக்கிறார்கள் என்று பின்னால் கல்லூரி நூலகத்தில் படித்தபோது என் உடம்பு சிலிர்த்தது. ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன். 1964. பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனா, 15 மீட்டர் நீளம். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலிலும் இரவிலும், எல்லாப் பருவத்திலும் ஒரே அளவு இரைச்சல். நியூயார்க் நகரத்துச் சத்தமா என்று பார்த்தார்கள். இல்லை. உள்ளே இரண்டு புறாக்கள் கூடு கட்டியிருந்தன. பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விட்டார்கள், திரும்பி வந்துவிட்டன. எச்சத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழிந்து முதன்முதலாக விடுபட்ட ஒளி அது. 1380 கோடி ஆண்டு விரிவில் இழுபட்டு, ஆறி, சுழியத்துக்குக் கீழே 270 டிகிரிக்கு வந்திருந்தது. கன சென்டிமீட்டருக்கு 400 ஒளித்துகள் கணக்கில் இப்போதும் இந்த அறையில் இருக்கிறது. டயனோரா பெட்டியில் கொதித்த புள்ளிகளில் நூற்றுக்கு ஒன்று அங்கிருந்து வந்ததுதான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் ஆச்சியிடம் சொன்னேன். அவளுக்குச் சொல்லாமல் எனக்கு எதுவும் முழுமையானதில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எறும்பில் கொஞ்சம் உலகம் பிறந்தபோது வந்த எறும்பு என்றேன். கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "சரி, அதுக்கு முன்ன?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னுடையது. சின்ன வயதில் நான் அவளிடம் கேட்டுக்கேட்டுச் சலிக்கவைத்தது. பாழ்வீட்டைக் காட்டிக் கேட்பேன்: அங்க யாரு ஆச்சி இருந்தா? உப்பு ஏவாரி ஒருத்தரு. அதுக்கு முன்ன? அவரு ஐயா அதே எடத்துல ஓலைவீடு போட்டிருந்தாராம். அதுக்கு முன்ன? உடங்காடு. அதுக்கு முன்ன? "கடலு இதுவரைக்கும் கெடந்திருக்கும்யா. கெணறு வெட்டுனப்ப சிப்பியால்லா வந்துச்சு." அதுக்கு முன்ன என்று மறுபடி கேட்டால் கொஞ்ச நேரம் பேசமாட்டாள். "நான் என்னத்தக் கண்டேன். என்னமோ கெடந்திருக்கும்லா."

ஆனால் அன்று கீரைக் காம்புகளுக்கு முன்னால் உட்கார்ந்து நான் அவளுக்குச் சொன்ன பதில் வேறு. வகுப்பில் எங்கள் இயற்பியல் ஆசிரியர் சொன்னது. காலமே அப்போதுதான் தொடங்கியது, ஆகவே அதற்கு முன் என்று கேட்பதே தவறு. ஹாக்கிங்கும் ஜேம்ஸ் ஹார்ட்லும் 1983இல் எழுதிய கட்டுரை அந்தப் பக்கம் போகிறது. தொடக்கத்துக்கு மிக அருகே காலம் தன் தனித்தன்மையை இழந்து வெளியைப் போலவே ஆகிவிடுகிறது, அதற்கு விளிம்பு இல்லை. தென்துருவத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்பதைப் போல. திருநெல்வேலிக்குத் தெற்கே நாகர்கோவில், நாகர்கோவிலுக்குத் தெற்கே கன்னியாகுமரி, பிறகு கடல், கடலுக்குத் தெற்கே பனி. துருவத்தில் நின்ற பிறகு தெற்கு என்ற திசையே இல்லை. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித அகஸ்டின், உலகம் காலத்துக்குள் படைக்கப்படவில்லை, காலத்தோடு சேர்த்துப் படைக்கப்பட்டது என்ற இடத்துக்கு வந்திருந்தார். அழகான பதில்தான். ஆனால் ஆச்சியின் முகத்தில், கதவைச் சாத்திவிட்டார்கள் என்கிற மாதிரி ஒன்று வந்துபோனது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேட்கக் கூடாத கேள்வியாக இருந்தால் ராபர்ட் டிக்கி அதைக் கேட்டிருக்கமாட்டார். ஹோம்டெல்லிலிருந்து கொஞ்ச தூரத்தில், பிரின்ஸ்டனில் இருந்தவர் அவர். இதுக்கு முன்பும் ஒரு பிரபஞ்சம் இருந்து சுருங்கியிருக்கலாம் என்று நினைத்தார். அப்படியானால் அதன் நட்சத்திரங்கள் சமைத்து வைத்த இரும்பும் கரியும் எங்கே போயின? எல்லாவற்றையும் உடைத்து மறுபடி வெறும் புரோட்டான்களாக்கப் பல நூறு கோடி டிகிரிச் சூடு வேண்டும். அந்தச் சூடு இருந்திருந்தால் அதன் மிச்சம் இன்றைக்கும் வானத்தில் இருக்க வேண்டும். தேடிப் பாருங்கள் என்று தன் இளைஞர்களிடம் சொன்னார். அவர்கள் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மாடியில் ஆன்டெனா வைக்கும் வேலையில் இருந்தபோதுதான் ஹோம்டெல்லிலிருந்து தொலைபேசி வந்தது. புறா எச்சம் துடைத்தவர்களுக்கு 1978இல் நோபல் கிடைத்தது. அவர்கள் கேட்ட இரைச்சல் எதனுடையது என்று சொல்ல முடிந்தவர்கள், 'அதுக்கு முன்ன' என்று கேட்டுக்கொண்டிருந்த மாடிக்காரர்கள். ஆச்சிக்கு இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. நான் இதைத் தெரிந்துகொண்டபோது அவள் இல்லை.

முன் என்ற சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வீட்டுக்கு முன்னால் வேம்பு நிற்கிறது. எனக்கு முன்னால் அக்கா பிறந்தாள். இரண்டும் ஒரே முன். கடந்துபோனது கண்ணுக்கு நேரே இருக்கிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால். (எதிர்காலம் என்ற சொல் மட்டும் எதிரே வந்து நிற்கிறது, அதன் கணக்கு வேறு.) வானத்தைப் பார்ப்பவனுக்கு இந்தத் தமிழ் அப்படியே பொருந்திவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தது. தூரம் போகப்போக முன்பு, இன்னும் முன்பு. கடைசியில் அந்த 3,80,000ஆம் ஆண்டு ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அதற்கு அப்பால் ஒளி தடுமாறிக்கொண்டிருந்த காலம், கண்ணால் பார்க்க வழியில்லை.

பாழ் என்ற சொல்லும் அப்படி. பரிபாடலின் மூன்றாம் பாட்டில் எண்களை அடுக்கும்போது பாழ் என்றுதான் தொடங்குகிறார் கடுவன் இளவெயினனார். சுழியம். அதே சொல்லைத்தான் நாங்கள் பக்கத்து வீட்டுக்கும் வைத்திருந்தோம். ஒன்றுமே இருந்திராத இடத்தைப் பாழ் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். யாரோ விளக்கேற்றிய வீடு, யாரோ உழுத நிலம், பிறகுதான் பாழ். இரண்டாம் பாட்டில் கீரந்தையார் இன்னும் தூரம் போகிறார். பழைய உலகங்கள் பாழ்பட்ட பிறகு வானம், அதிலிருந்து காற்று, பிறகு தீ, மழை, வெள்ளத்துக்குள்ளிருந்து நிலம் என்று ஊழிகளை வைத்து, அவற்றின் நீளத்துக்கு நெய்தல், குவளை, ஆம்பல் என்று பூப்பெயர் கொண்ட பேரெண்களைச் சொல்கிறார். இதில் நவீன இயற்பியல் ஒளிந்திருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் இல்லை. அந்தப் பாட்டுக்கு அது தேவையும் இல்லை. முதல் வரிகளிலேயே முன்பு ஒன்று இருந்து அழிந்தது என்று வைத்தாரே, அந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

இன்றைக்கும் அந்தப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகரும் அவருடைய கூட்டாளிகளும் 2006இல் போட்ட கணக்கில் தொடக்கம் என்ற புள்ளியே இல்லை. சுருங்கி வந்த பிரபஞ்சம் ஓர் அளவுக்கு மேல் நெருங்க முடியாமல் எதிர்த்து விரிகிறது. ரோஜர் பென்ரோஸ் சொல்வது எனக்கு இன்னும் பிடித்தது, நம்புவது கடினம் என்றாலும். நெடுங்காலம் கழித்து நட்சத்திரங்கள் அணைந்து, கருந்துளைகளும் ஆவியாகி, ஒளி மட்டும் மிஞ்சும். ஒளிக்கு நிறை கிடையாது, அது பயணம் போகும்போது அதற்கு நேரமும் ஓடுவதில்லை. கடிகாரம் என்று சொல்ல எதுவும் இல்லாதபோது பெரியது எது, சிறியது எது? அளவு தொலைந்துபோன அந்தப் பரந்த குளிர்தான் இன்னொரு பிரபஞ்சத்தின் சூடான தொடக்கம் என்கிறார். முன்பிருந்த பிரபஞ்சத்தின் கருந்துளைகள் மோதியது நம் வானத்து இரைச்சலில் வட்டங்களாகப் பதிந்திருக்க வேண்டும் என்று 2010இல் தேடி, கண்டதாகவும் சொன்னார். மற்றவர்கள் அதே படத்தைப் பார்த்து, இது தற்செயலாகவே வரக்கூடிய வட்டம் என்றார்கள். அவருக்குக் கிடைத்தது சிப்பி என்று இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சிப்பியே மிஞ்சாமலும் போயிருக்கலாம். ஆலன் கூத் சொன்ன அதிவிரைவுப் பெருக்கம் உண்மையானால், கண்ணிமைக்கும் நேரத்தில் கோடானுகோடிப் பங்குக்கும் குறைவான பொழுதில் வெளி அத்தனை பெரிதாக இழுக்கப்பட்டது. அதற்கு முந்தைய தடம் எதுவும் நாம் பார்க்கக்கூடிய எல்லைக்கு அப்பால் போயிருக்கும். அதை நினைத்தால் எனக்குப் பயமில்லை, ஒரு துக்கம் இருக்கிறது.

ஜார்ஜ் லெமைத்தர் 1931இல் முதன்முதலாக எல்லாவற்றையும் ஒரே அணுவில் கொண்டுபோய் வைத்தவர், பாதிரியார். விஞ்ஞானத்தின் தொடக்கத்தைச் சமயத்தின் படைப்போடு சேர்த்துக் கட்ட அவர் சம்மதிக்கவில்லை. 1951இல் போப் அப்படிப் பேசியபோது வருந்தினார். 1966இல் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவரிடம் ஹோம்டெல் செய்தியைச் சொன்னார்கள். சில நாளில் இறந்துபோனார். அவர் காதில் அது விழுந்துவிட்டது என்பதில் எனக்கு இன்றும் நிம்மதி.

பாழ்வீட்டை இடித்து வேறு யாரோ கட்டிவிட்டார்கள். அஸ்திவாரம் தோண்டியபோது நான் ஊரில் இருந்தேன். இரண்டு ஆள் ஆழத்தில் வெள்ளைச் சிப்பிகள் மண்ணோடு மண்ணாக வந்தன, ஆச்சி சொன்ன மாதிரியே. இப்போதைய பெட்டிகளில் சிக்னல் இல்லையென்றால் திரை நீலமாகி அமைதியாகிவிடுகிறது. எறும்பு கிடையாது.

ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் பெட்டியை அணைக்கப் போனேன். ஆச்சி கண்ணைத் திறக்காமலே, "இருக்கட்டும்லே, மழை பெய்யற மாதிரி இருக்கு" என்றாள். அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்தேன். மறுநாள் விடிந்ததும் அப்பா பழைய துணியோடு தட்டட்டிக்குப் போனார். கம்பத்தைக் கடல் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"இப்ப?"

"இல்லப்பா. இன்னும் கொஞ்சம்."