சம்பளம் இல்லாத சாம்பியன்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், ஏவான் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய நகரம் பாத். ரோமானியர் காலத்து வெந்நீர்க் குளங்களுக்குப் பேர்போனது. அந்த ஊர் ரக்பி கிளப் 1865-இல் தொடங்கியது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘ரெக்’ என்று சொல்லும் ஆற்றோர மைதானம்தான் அதன் களம். 1984 முதல் 1996 வரை அந்த அணி இங்கிலாந்துக் கோப்பையைப் பத்து முறையும் லீக் பட்டத்தை ஆறு முறையும் வென்றது. இத்தனையையும் வென்றவர்களுக்கு விதிப்படி ஒரு பென்னி சம்பளம் கிடையாது. வார நாட்களில் அவரவர் வேலை, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்பதே அவர்கள் வாழ்க்கை.

காசு கூடாது என்ற விதிக்குப் பின்னால் நூறாண்டு வழக்கு ஒன்று இருந்தது. வட இங்கிலாந்தில் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பையாவது ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. ரக்பி நிர்வாகம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி அவர்கள் பிரிந்தார்கள். அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததே பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன் அமெச்சூராகவே நின்றது. ரக்பி லீக் பக்கம் போனவருக்குத் திரும்பி வர வழி இருக்கவில்லை. இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் பில் பியூமான்ட், தன் வரலாற்று நூலுக்குக் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டதற்காகவே 1980-களின் தொடக்கத்தில் தொழில்முறைக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டார். ஆட்டம் பொழுதுபோக்கு, பிழைப்பல்ல என்ற கொள்கை கேட்க நன்றாகத்தான் இருந்தது. வசதி உள்ளவருக்கு அது எளிது, தினக்கூலிக்காரருக்குப் பெரும்பாடு.

பாத் அணியில் இரு தரப்பினரும் இருந்தார்கள். ஜொனதன் வெப் அறுவை மருத்துவர். 1992-இல் ஐந்து நாடுகள் போட்டியில் இங்கிலாந்துக்காக 67 புள்ளிகள் குவித்து அன்றைய சாதனையைப் படைத்தவரும் அவரே. விங்கர் டோனி ஸ்விஃப்ட் கணக்காளர். நைஜல் ரெட்மன் எலக்ட்ரீஷியன். ஆண்டி ராபின்சனும் ஜான் கேலர்டும் பள்ளி ஆசிரியர்கள். ஸ்டூவர்ட் பார்ன்ஸ் வீட்டுக்கடன் சங்கம் ஒன்றில் வேலை பார்த்தார். உள்ளூர்க்காரரான ஜெரமி கஸ்கட் சிறுவர் அணியிலிருந்தே பாத்தில் வளர்ந்தவர். கொத்து வேலையும் பார்த்தார், பஸ்ஸும் ஓட்டினார். 1989-இல் புக்கரெஸ்டில் ருமேனியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் அறிமுகமான ஆட்டத்திலேயே மூன்று ட்ரை போட்டார்.

ஹூக்கர் கிரஹாம் டாவ் டெவன், கார்ன்வால் எல்லைப் பகுதியில் விவசாயி. அங்கிருந்து பாத் நூறு மைலுக்கு மேல். பண்ணை வேலையை முடித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு வருவார். முடிந்ததும் இருட்டில் அதே தூரம் திரும்பிப் போவார், விடிந்தால் மறுபடி பண்ணை. நாட்டு அணியிலோ அவர் இடத்தில் பிரையன் மூர் அசையாமல் நின்றார். ஆண்டுக்கணக்கில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்த டாவ் இங்கிலாந்துக்கு ஆடியது ஐந்தே ஆட்டங்கள். ஆனாலும் பாத்துக்குக் கார் ஓட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

இப்படிப் பலதரப்பட்டவர்களை ஓர் அணியாகக் கட்டியவர் பயிற்சியாளர் ஜாக் ரோவெல். அவருக்கும் சம்பளம் இல்லை. பிழைப்புக்கு உணவுத் தொழில் நிறுவனத்தில் நிர்வாகப் பதவி. 1976-இல் காஸ்ஃபோர்த் அணியோடு கோப்பை வென்ற அனுபவத்துடன், அடுத்த சில ஆண்டுகளில் பாத் வந்தார். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை மோதவிட்டு, யாரும் தன் இடம் நிலையானது என்று நினைக்காதபடி பார்த்துக்கொண்டார். பயிற்சி ஆட்டத்தைவிட சனிக்கிழமை ஆட்டம் லேசு என்னும் அளவுக்கு மாலைகள் கடுமையாயின. அந்த முரட்டுத்தனம் சில சமயம் எல்லை மீறியதும் உண்டு. 1987 மார்ச்சில் கார்டிஃபில் இங்கிலாந்தும் வேல்ஸும் மோதிய ஆட்டம் அடிதடியில் முடிந்தபின், இங்கிலாந்து அணியிலிருந்து நால்வர் ஒதுக்கப்பட்டனர். கேப்டன் ரிச்சர்ட் ஹில், கரெத் சில்காட், டாவ் என்று அவர்களில் மூவர் பாத் ஆட்டக்காரர்கள்.

வெற்றி வரிசை 1984-இல் தொடங்கியது. ட்விக்கன்ஹாமில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் பக்கத்து ஊரான பிரிஸ்டலை 10-9 என்று பாத் வென்றது. கடைசி நிமிடத்தில் பிரிஸ்டலுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, உதைத்தவர் பார்ன்ஸ். பந்து கம்பங்களுக்கு வெளியே போயிற்று. பிறகு அதே பார்ன்ஸ் பாத்துக்கு வந்து சேர்ந்தார். 1992 இறுதியாட்டத்தில் ஹார்லிக்வின்ஸுடன் 12-12 என்று சமநிலையில் கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில் இருந்தது. அப்போது தொலைவிலிருந்து அவர் உதைத்த டிராப் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் விழ, கோப்பை மறுபடி பாத்துக்கு வந்தது.

இதற்குள் ஆட்டத்தின் சுமை கூடியிருந்தது. 1987-இல் முதல் உலகக் கோப்பை நடந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் யூனியன் கிளப்புகளுக்கு முறையான லீக் போட்டியும் தொடங்கியது. வெளிநாட்டுப் பயணங்கள் நீண்டன. முதலாளி மனது வைத்து விடுப்புத் தந்தால்தான் நாட்டுக்கு ஆட முடியும் என்ற நிலை. அரங்கம் நிரம்பியது, தொலைக்காட்சியும் விளம்பரதாரரும் பணம் கொட்டினார்கள். அந்தப் பணத்தைத் தொடக்கூடாதவர் ஆட்டக்காரர் மட்டுமே. இது நெடுநாள் நீடிக்கவில்லை. 1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் அமெச்சூர் விதியை நீக்கியது. இங்கிலாந்து நிர்வாகம் மட்டும் மேலும் ஓராண்டு அவகாசம் எடுத்துக்கொண்டது.

அந்த இடைக்கால ஆண்டில் பாத் லீக் பட்டத்தையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. 1996 மே மாதம், நூறாண்டுப் பகை தளர்ந்து, ரக்பி லீக் உலகின் முழுநேரத் தொழில்முறை அணியான விகனுடன் இரண்டு ஆட்டங்கள் ஆடியது. மான்செஸ்டரில் ரக்பி லீக் விதிப்படி நடந்த ஆட்டத்தில் விகன் 82-6. ட்விக்கன்ஹாமில் யூனியன் விதிப்படி நடந்ததில் பாத் 44-19. அவரவர் ஆட்டத்தில் அவரவர் வென்றாலும், நாள் முழுக்க ஆட்டத்துக்கே உழைக்கும் உடலின் வேகம் எப்படிப்பட்டது என்பதை முதல் ஆட்டம் காட்டிவிட்டது.

அதன்பின் பாத் ஆட்டக்காரர்களும் சம்பளக்காரர்களானார்கள். 1998-இல் பிரெஞ்சு அணியான பிரீவை 19-18 என்று வென்று, ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற முதல் இங்கிலாந்து அணியாயிற்று பாத். ஆனால் அடுத்த லீக் பட்டத்துக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் மர்மமானதல்ல. மற்றவர்கள் பொழுதுபோக்காக ஆடிய காலத்தில் பாத் மட்டும் தொழில்போல் உழைத்தது. அதுவே அதன் மூலதனம். எல்லா அணிகளும் காசு கொடுத்து அதே உழைப்பை வாங்கத் தொடங்கியதும் அந்த மூலதனம் பொதுச்சொத்தாயிற்று. வெற்றி தேய்ந்தாலும், அறுவைக் கத்தி பிடிக்கும் கையும் கொத்துக்கரண்டி பிடிக்கும் கையும் ஒரே பந்துக்காக நீண்ட அந்தக் கூட்டணி சம்பள முறையில் இனி அமைய வழியில்லை. வீட்டு வாடகையை ஆட்டமே கொடுக்கும் நிலை வந்தது மட்டும் அதற்கு ஈடான லாபம். 1895-இல் வடக்கத்தியர்கள் கேட்டது அதைவிடக் குறைவுதான்.