கெடாரில் கேட்ட சியாச்சின் கதை

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் காணையைத் தாண்டினால் கெடார். சித்திரை வெயிலில் தார்ச்சாலை பளபளத்தது. கரும்புக் கொல்லைகளுக்கு மேல் அனல் ஆடியது. சியாச்சின் பனியில் காவல் இருந்துவிட்டு ஊர் திரும்பிய மிலிட்டரிக்காரர்கள் இருவரைப் பார்க்கத்தான் போனேன். இருவரும் மெட்ராஸ் ரெஜிமென்ட். மூத்தவர் ஹவில்தாராகவும் இளையவர் நாயக்காகவும் ஓய்வு பெற்றவர்கள்.

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார் மூத்தவர். "எத்தனை பேரைச் சுட்டீங்கன்னுதான் வர்றவங்கல்லாம் கேப்பாங்க. உங்களுக்கு என்ன தெரியணும், தம்பி?"

"காலையில எழுந்ததும் முதல் வேலை என்னங்க ஐயா?"

சட்டென்று முகம் மலர்ந்தது. "தண்ணி காய்ச்சுறதுதான்!"

காரகோரம் மலைத்தொடரில் 76 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது சியாச்சின் பனியாறு. 1984 ஏப்ரல் 13 அன்று 'ஆபரேஷன் மேகதூத்' தொடங்கியது முதல் அங்கே நம் படை நிற்கிறது. அடிவார முகாமே சுமார் 12,000 அடி உயரம். மேலே உள்ள போஸ்டுகள் பல 18,000 அடிக்கும் மேல். குளிர்காலத்தில் மைனஸ் 50 டிகிரி வரை இறங்கும். 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகு துப்பாக்கிச் சத்தம் அடங்கியது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம்.

அங்கே போகிறவர்களுக்கு முதலில் சண்டிகர் ட்ரான்சிட் கேம்பிலிருந்து விமானத்தில் நூப்ரா பள்ளத்தாக்குப் பயணம். மெல்லிய காற்றுக்கு உடம்பு பழக வேண்டும். பனிச்சுவரில் ஏறவும், பிளவில் விழுந்தவனைத் தூக்கவும் பயிற்சி எடுக்க வேண்டும். அதன் பிறகே மேலே போக உத்தரவு. கிளம்புவதற்கு முன், காவல் தெய்வமாக வீரர்கள் நம்பும் ஓ.பி. பாபாவின் கோயிலில் எல்லோரும் வணக்கம் வைப்பார்கள். பனி இறுகியிருக்கும் இரவில்தான் நடை. "ஒரே கயித்துல எல்லாரையும் கட்டியிருக்கும். ஒருத்தன் உள்ள போனா மத்தவன் இழுத்துப் புடிக்கணும். பக்கத்துல இருக்கறவன் என்ன சாதி, என்ன ஊருன்னு அந்தக் கயித்துக்குத் தெரியாது" என்றார் இளையவர்.

போஸ்டில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். சுத்தமான பனியை வெட்டி டின்னில் போட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்ற வேண்டும். டின் நிறைய அள்ளிப் போட்டாலும் உருகி நிற்பது கொஞ்சம் தண்ணீர்தான். குடிக்க, சமைக்க எல்லாம் அதிலிருந்துதான். குளியலை மறந்துவிட வேண்டும். அந்த உயரத்தில் 80 டிகிரியை ஒட்டியே தண்ணீர் கொதித்துவிடும், ஆகவே குக்கர் இல்லாமல் சோறு வேகாது. முட்டையைச் சுத்தியலால்தான் உடைக்க வேண்டும். ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்து மாதிரி இறுகிக் கிடக்கும். டின் உணவும் சாக்லேட்டும் தாராளமாக வரும், பசிதான் வராது. தூக்கமும் வராது. வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும்.

கூடாரத்துக்குள் 'புகாரி' அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். புகை போகும் குழாயைப் பனி அடைத்துவிட்டால் உள்ளே தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். அதனால் இரவு முழுக்க முறை வைத்து ஒருவர் குழாயைப் பார்ப்பார்; இன்னொருவர் கூரைப் பனியைத் தள்ளுவார். தள்ளி முடிப்பதற்குள் மறுபடி கொட்டும். "கீழ இறங்கி வந்து ரொம்ப நாளைக்குத் துப்புனா கரியாத்தான் வரும்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார் மூத்தவர். சீட்டா ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே ஓடி வருவார்கள். ரேஷனோடு '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்கு வந்த கடிதக் கட்டும் அதில் இருக்கும். வீட்டுக்காரம்மா எழுதிய இன்லேண்ட் லெட்டரை மனப்பாடம் ஆகும்வரை படித்தாராம் மூத்தவர்.

2016 பிப்ரவரி 3 பற்றிப் பேச்சு வந்தது. அன்று சோனம் போஸ்டில் 19-வது மெட்ராஸ் படைப்பிரிவின் 10 வீரர்கள் மேல் பனிச்சரிவு விழுந்தது. அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். "அவங்களும் அன்னைக்குக் காலையில தண்ணி காய்ச்சியிருப்பாங்க" என்றார் இளையவர். சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

அந்த மலையை நாம் 1984 முதல் தக்கவைத்திருப்பது இந்த வேலைகளால்தான் என்று கெடாரில் எனக்குப் புரிந்தது. அடுப்பு அணையாமல் பார்ப்பதும், கூரைப் பனியைத் தள்ளுவதும், கயிற்றை விடாமல் பிடிப்பதும் அங்கே போர்தான். விருதுப் பட்டியலில் ஏறாத இந்த உழைப்பு அவர்களுடைய நினைவில் மட்டுமே இருக்கிறது.

விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றக் கூப்பிட்டு, மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர்களை வகுப்பறைக்குள் அழைத்து உட்காரவைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிட வேண்டும். என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேட்டதை நோட்டில் எழுதி வைக்கட்டும். அவர்கள் சொல்லத் தயாராக இருக்கிறார்கள். இன்னும் தள்ளிப்போட்டால் சொல்வதற்கு ஆள் இருக்காது.