அது பச்சை இல்லடா... மஞ்சள்!

'பழைய வீடியோ கேம் ஒண்ணைப் பத்தி ஜாலியா ஒரு பக்கம் எழுதிட்டு வாப்பா'னு ஆபீஸ்ல சொன்னாங்க. நானும் ஜாலியாத்தான் ஆரம்பிச்சேன். ஆனா, நான் அந்த கேமை விளையாடினதைவிட, அது என்கிட்ட விளையாடின கதைதான் பெருசு. பொறுமையாப் படிச்சுட்டு, கடைசியில நான் சொல்ற ஒரு சின்ன வேலையை மட்டும் செஞ்சிடுங்க. டீல் ஓகேவா?

போன தீபாவளி லீவுல சித்தப்பா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணப் போனேன். ஒட்டடைக்கு நடுவுல ஒரு ஷூ டப்பா. உள்ளே, 'கேம்பாய் அட்வான்ஸ்'! 2001-ல நின்டெண்டோ விட்ட கையடக்க கேம் மெஷின். சித்தப்பா சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்ப அண்ணனுக்காக வாங்கிட்டு வந்தது. எனக்கு வயசு 20. அதாவது அந்த மெஷின் எனக்கே சீனியர்! ரெண்டு பென்டார்ச் பேட்டரியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினா, சீனியர் சும்மா ஜம்முனு எழுந்து உட்கார்ந்துட்டார்.

உள்ளே சொருகியிருந்த கேம், 'மிஸ்டர் டிரில்லர் 2'. நாம்கோ கம்பெனி 1999-ல ஆர்கேட் மெஷினுக்காகச் செஞ்ச 'மிஸ்டர் டிரில்லர்' கேமோட தம்பி. ஹீரோ பேரு சுசுமு ஹோரி. ஜப்பான் பாஷையில 'ஹோரு'ன்னா தோண்டுறது, 'சுசுமு'ன்னா முன்னேறுறது. இவரோட அப்பா டாய்சோ ஹோரி யாருனு நினைக்கிறீங்க? 1982-ல வந்த 'டிக் டக்' கேமோட ஹீரோ. பரம்பரை பரம்பரையா பள்ளம் தோண்டுற குடும்பம்!

கேம் ரொம்ப சிம்பிள். பூமிக்குள்ள சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்னு கலர் கலரா கட்டிகள் அடுக்கியிருக்கும். கையில இருக்கற மெஷினால துளை போட்டு கீழே போய்க்கிட்டே இருக்கணும். பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஒரே நிறக் கட்டிகள் ஒட்டிக்கும். ஒண்ணைத் துளைச்சா மொத்தக் கூட்டமும் காலி. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத கட்டி லேசா ஆடிட்டு, பொத்துனு தலையில விழும். விழும்போது வழியில தன் நிறத்துக் கட்டி கிடைச்சா ஒட்டிக்கிட்டு நின்னுடும். அப்படி நாலு சேர்ந்துட்டா மறைஞ்சிடும். நடுவுல ஆக்சிஜன் வேற குறைஞ்சுக்கிட்டே வரும். காத்து டப்பாவைப் பொறுக்கினாத்தான் உயிர். எக்ஸ் போட்ட பிரவுன் கட்டியை உடைக்க அஞ்சு அடி அடிக்கணும். உடைச்சா 20 சதவிகிதம் காத்து அவுட். இவ்வளவு டென்ஷனுக்கு நடுவுல நம்மாளு சுசுமு குட்டிக் காலை வெச்சுக்கிட்டு தத்தக்கா பித்தக்கானு ஓடுறதைப் பார்த்தா சிரிப்பு தாங்காது.

ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போனேன். அங்கேதான் வந்தது சோதனை. ரூம்மேட் முதல் நாளே 500 ஆழத்தைத் தாண்டிட்டான். பக்கத்து ரூம் பையன் 'இதுல என்னடா இருக்கு'னு கொட்டாவி விட்டுக்கிட்டே 400. மெஷினுக்குச் சொந்தக்காரனான நான்? நூறைத் தாண்டறதுக்குள்ள மூணு தடவை நசுங்கிட்டேன்.

'ஸ்கிரீன்ல லைட் இல்லடா, அதான்'னு சமாளிச்சேன். அது பொய்யும் இல்ல. அந்த முதல் மாடல் கேம்பாய் அட்வான்ஸுக்கு ஸ்கிரீனுக்குள்ள விளக்கே கிடையாது. வெளிச்சத்துல பிடிச்சாத்தான் ஏதோ தெரியும். டியூப்லைட்டுக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அங்கேயும் நசுங்கினேன். மொட்டை மாடி வெயில்ல போய் நசுங்கினேன். ஒரு ராத்திரி ரூம்மேட் தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டு, கத்தியே விட்டான்.

"டேய், மேல இருக்கற பச்சை கீழே இருக்கற மஞ்சள்ல எப்படிடா ஒட்டும்? ஏன் அதுக்கடியில போய் நிக்கறே?"

"ரெண்டுமே மஞ்சள்தானே..?"

"மாப்ள... விளையாடாத. அது பச்சை."

"நீதான்டா விளையாடாத."

பக்கத்து ரூம்ல நாலு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டினான். நாலு பேரும் சொல்லிவெச்ச மாதிரி 'பச்சை'னாங்க. நான் சிரிச்சேன். எல்லாரும் சேர்ந்து கலாய்க்கிறாங்கனு நினைச்சு அப்புறமும் சிரிச்சேன். ஆனா, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை பாஸ்.

ஏன்னா, ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. நான் ஈ.சி.ஈ. மூணாவது வருஷம். முதல் வருஷ லேப்ல ஒரு எல்.இ.டி. சர்க்யூட். எல்லாரோட பல்பும் எரியுது, என்னுது மட்டும் எரியலை. பிரெட்போர்டு சரியில்லனு சண்டை போட்டேன். கடைசியில பார்த்தா, 1 கிலோ ஓம் போட வேண்டிய இடத்துல 1 மெகா ஓம் ரெசிஸ்டரைச் சொருகியிருக்கேன். ஆயிரம் மடங்கு தப்பு! பிரவுன்-கறுப்பு-சிவப்புன்னா கிலோ ஓம், பிரவுன்-கறுப்பு-பச்சைன்னா மெகா ஓம். அந்தக் கடைசிக் கோடுதான் வித்தியாசமே. 'கவனம் பத்தாது'னு லேப்ல எல்லார் முன்னாடியும் டோஸ் வாங்கினேன். அன்னியிலேர்ந்து எந்த ரெசிஸ்டரையும் மல்டிமீட்டர்ல வெச்சுப் பார்க்காம தொட மாட்டேன். 'செம சின்சியர்டா'னு பேரு வேற!

அதுக்கும் முன்னாடி, ரெண்டாம் கிளாஸ்ல மரத்துக்கு பிரவுன் இலை போட்டு, முட்டிக்கால் போட்டவன் நான்.

கண் டாக்டர்கிட்டே போனேன். புள்ளி புள்ளியா ஒரு புத்தகத்தைத் திறந்தார். டோக்கியோவுல ஷினோபு இஷிஹாரா-ங்கற கண் மருத்துவர் 1917-ல உருவாக்கின சோதனை. ஒரு பக்கத்தைக் காட்டி, "என்ன நம்பர்?"னார். "21"னு கம்பீரமாச் சொன்னேன். கூட வந்த ரூம்மேட் மூஞ்சி மாறிடுச்சு. அவனுக்குத் தெரிஞ்சது 74. அடுத்த ரெண்டு பக்கத்துல எனக்கு நம்பரே இல்ல. வெறும் புள்ளி.

சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. பிறவியிலேயே வர்றது, மருந்து கிடையாது, ஆனா கூடவும் செய்யாது. காரணமான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால, பெரும்பாலும் அம்மா வழியா பையனுக்கு வருது. அதான் பெண்களைவிட ஆண்களுக்கு இது ரொம்ப அதிகம். வீட்டுக்கு போன் பண்ணினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "உங்க தாத்தா தோட்டத்துல தக்காளியை ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்துத்தான்டா பறிப்பார். நாங்க எல்லாம் அவர் ரொம்பப் பொறுமைனு நினைச்சுக்கிட்டிருந்தோம்"னாங்க. பாவம் தாத்தா. அவருக்கு மல்டிமீட்டரும் இல்ல.

இதுவரைக்கும் காமெடி. இனிமேதான் மேட்டர்.

எங்க அப்பாவுக்கு ஜோலார்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துல டீக்கடை. ரயில் ஓட்டறவங்க டியூட்டி முடிஞ்சு பெட்டியோட வந்து டீ குடிப்பாங்க. 'டிரைவர் சார்'னு அவங்களுக்கு மட்டும் தனி கிளாஸ்ல டீ. நான் காலேஜ் சேர்ந்த வருஷமே அசிஸ்டென்ட் லோகோ பைலட் பரீட்சைக்கு கைடு வாங்கி வெச்சுட்டார். கல்லாப்பெட்டிக்கு மேல சாமி படம், அதுக்குப் பக்கத்துல அந்த கைடு. அந்த வேலைக்கு ஏ-1 மெடிக்கல் பாஸ் பண்ணணும். அதுல நிறப் பார்வைச் சோதனை உண்டு. சிக்னல்ல பச்சையா, சிவப்பானு தடுமாறுறவன் கையில ஆயிரம் பேர் உயிரைக் கொடுக்க முடியாதே! நியாயம்தான். நியாயமா இருக்கறதாலதான் ரொம்ப வலிச்சது.

மூணு வாரம் அப்பாகிட்டே சொல்லலை. அந்த மூணு வாரமும் ராத்திரியெல்லாம் சுசுமுவை வெச்சு தோண்டிக்கிட்டே இருந்தேன். அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். ஒரே நிறக் கட்டிகள் ஒட்டிக்கிட்டா நடுவுல கோடு இருக்காது. வேற வேற நிறம்னா கோடு இருக்கும். அட! நிறத்தைப் பார்க்காம கோட்டைப் பார்த்தேன். 200... 300... ஒரு ராத்திரி 450. மேலேருந்து விழற கட்டி எதுல ஒட்டும்கறதுல இன்னமும் ஏமாறுவேன். ஆனா, வழி இல்லாம நசுங்கறது நின்னுபோச்சு.

அந்த தைரியத்துல ஊருக்குப் போய் அப்பாகிட்டே சொல்லிட்டேன். பாய்லர் பக்கத்துல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டார். நாலு டீ ஆத்திக் கொடுத்தார். கைடை எடுத்து தூசி தட்டினார். அந்த நேரம் பார்த்து டீ குடிக்க வந்த ஒரு டிரைவர் சாரோட பையன் பிளஸ் டூ படிக்கிறானாம், அவர்கிட்டே கொடுத்துட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "அதான்டா... நீ கடையில நிக்கற அன்னிக்கெல்லாம் டீ ஒண்ணு வெளுத்துப்போய் இருக்கும், இல்லாட்டி கஷாயமா இருக்கும். இப்பல்ல புரியுது"ன்னார்.

"அது கலர் பிரச்னை இல்லப்பா. எனக்கு டீ போடத் தெரியாது."

ரெண்டு பேரும் சிரிச்சோம். அவர் கண்ணு கலங்கியிருந்ததைப் பார்க்க எனக்கு எந்த நிறமும் தேவைப்படலை.

சரி, உங்களுக்கு வருவோம். இந்தக் குறை இருக்கறவங்களுக்கு எல்லாக் கதவும் மூடிடலை. லேசான, மிதமான நிறக்குறைபாடு இருக்கறவங்களும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம்னு 2020-ல மத்திய அரசு விதியை மாத்திடுச்சு. நிறக்குறைபாட்டைக் காரணம் காட்டி உதவிப் பொறியாளர் வேலை மறுக்கப்பட்ட ஒருத்தருக்கு, வேலை கொடுக்கச் சொல்லி 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் நம்ம தமிழ்நாடு மின்வாரியத்துக்கு உத்தரவு போட்டுச்சு. ஆனா, சில கதவு மூடித்தான் இருக்கும். எது மூடியிருக்குனு முன்னாடியே தெரிஞ்சா, அது முன்னால போய் நாலு வருஷம் நிக்க வேண்டாம் பாருங்க.

நாளைக்கு ஆப், கேம், மெஷின்னு செய்யப்போற இன்ஜினீயருங்க நீங்கதான். 'பச்சைன்னா ஓகே, சிவப்புன்னா தப்பு'னு வெறும் நிறத்தை மட்டும் நம்பி டிசைன் பண்ணாதீங்க. 1995-ல நின்டெண்டோ விட்ட 'பேனல் டி பான்' கேமைப் பாருங்க. அதுவும் நிறம் சேர்க்கிற விளையாட்டுதான். ஆனா, ஒவ்வொரு நிறத்துக்கும் இதயம், நட்சத்திரம்னு ஒரு உருவமும் இருக்கும். அவ்வளவு போதும், என்னை மாதிரி ஆளும் ஆட்டத்துல இருப்பான்.

ஆரம்பத்துல கேட்ட சின்ன வேலை இதுதான். அடுத்த தடவை கண் டாக்டர்கிட்டே போறப்ப, "அந்தப் புள்ளி புஸ்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார்"னு கேளுங்க. அஞ்சு நிமிஷ வேலை. உங்களுக்கு 74 தெரிஞ்சா சந்தோஷம். 21 தெரிஞ்சா..? வாங்க மச்சி, நம்ம கட்சி! கோட்டைப் பார்த்துத் தோண்டலாம்.