யாரைக் கூப்பிடுவார்கள்?

"நாலு வரும். ஏழு கண்டிப்பா வரும். ஒம்பது சந்தேகம்தான்."

ஆயர் தாவார் பட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பசியாற உட்கார்ந்தபோது பக்கத்து மேசையிலிருந்து காதில் விழுந்தது இது. மூன்று பெரியவர்கள். நடுவில் ஒரு பழைய நம்பர் சீட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய எண்கள். நான்கு நம்பர் லாட்டரிக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள் என்று நினைத்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "ஏழு இடது பக்கம் திரும்பவே மாட்டேங்கிறான்லா" என்று ஒருவர் சொன்னதும்தான் நிமிர்ந்தேன். லாட்டரி எண் எங்கே இடது பக்கம் திரும்பும்? அவை சட்டை எண்கள். அடுத்த சனிக்கிழமை ஈப்போவில் ஒரு வெளிமாநில கிளப் தன் இளையோர் குழுவுக்கு ஆள் எடுக்க வருகிறது. ஆயர் தாவார் பையன்களில் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதுதான் பேச்சு.

லூமுட்டுக்குப் போகிற வழியில் தே குடிக்க இறங்கியவன் நான். அன்று லூமுட் போய்ச் சேரவில்லை.

ஈப்போவிலிருந்து ஸ்ரீ இஸ்கண்டார், போத்தா தாண்டி, பேரா ஆற்றையும் கடந்து வந்தால் சாலையின் இருபுறமும் செம்பனைதான். ஒரு காலத்தில் இங்கெல்லாம் பால்மரம். என் அம்மா பிறந்தது இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இன்று அந்த லயன் வீடுகளும் இல்லை, மரங்களும் இல்லை. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே புது வண்ணம் பூசிக்கொண்டு நிற்கிறது. மலாயில் ஆயர் தாவார் என்றால் உப்புக் கரிக்காத நன்னீர். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தால் அதுவே ஊர்ப் பெயராவதில் வியப்பில்லை. 'தாவார்' என்ற சொல்லுக்குப் பேரம் என்றும் பொருள் உண்டு. அன்று காலை நான் கேட்டதெல்லாம் அந்தப் பொருளில்தான் இருந்தது.

கடைவீதியில் சீன எழுத்துப் பலகைகள் அதிகம். 1903-இல் மெதடிஸ்ட் சபையின் வழியாகச் சித்தியவானில் குடியேறிய பூச்சாவ் சீனர்களின் வழிவந்தவர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய அடுப்பில் சுட்ட கொம்பியாவை வாங்கிப் போகவே ஈப்போவிலிருந்து காடி எடுத்து வருகிறவர்கள் உண்டு. தோட்டம் மூடப்பட்டுப் பட்டணத்து ஓரத் தாமான்களுக்கு வந்துசேர்ந்த தமிழர்கள் லோரி ஓட்டுகிறார்கள், செம்பனைக் குலை ஏற்றுகிறார்கள், மஞ்சோங் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். ஞாயிறு காலையில் காற்பந்து பேசுகிறார்கள்.

மூவரில் ஒருவர் ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். இன்னொருவர் பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எல்லாருக்கும் 'வாத்தியார்'. மூன்றாமவர் கடைக்காரர். தே ஆற்றுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் மேசையில்தான் இருந்தார். நான் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்ததும் லோரிக்காரர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி பேராவா, சிலாங்கூரா?"

அம்மா பேரா, நான் இருப்பது சிலாங்கூர் என்றேன். "அப்ப பேராதான்" என்று முடித்துவிட்டார்.

பேரா என்பது இவர்களுக்கு விளையாட்டுச் செய்தி இல்லை, வீட்டு விஷயம். 1921-இல் தொடங்கிய மலாயா கிண்ணம் பிற்பாடு மலேசியக் கிண்ணம் ஆனது. அதைப் பேரா எட்டு முறை வென்றிருக்கிறது. வாத்தியார் விரல் மடக்கி ஆண்டுகளைச் சொன்னார்: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. வாய்ப்பாடு ஒப்பிப்பது போலவே இருந்தது. இடையில் 2002, 2003 இரண்டு ஆண்டும் லீக் வெற்றியாளர். 2018 இறுதியாட்டத்துக்கு லோரிக்காரர் பஸ்ஸில் ஷா ஆலம் போயிருக்கிறார். திரங்கானுவுடன் 3-3. தோற்றுவிட்டோம் என்று எழுந்து நடக்கத் தொடங்கியவர்களைக் கடைசி நிமிட கோல் திரும்ப உட்கார வைத்தது. பினால்டியில் 4-1. "மூணு நாள் தொண்டை கட்டிக்கிச்சு. லோரி ஹாரனை வச்சித்தான் பேசுனேன்" என்றார்.

அந்தப் பேரா இப்போது லீக்கில் இல்லை. 2025-26 பருவத்துச் சூப்பர் லீக்கில் 13 குழுக்கள். புருணையிலிருந்து வந்து ஆடுகிற குழுகூட அதில் இருக்கிறது, பேரா இல்லை. நூறு ஆண்டுக் கதையுள்ள மாநிலத்துக்கு இப்படி ஒரு நிலை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் கறுப்புச் சட்டையைக் கழற்றவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

எனக்குத் தோன்றியதைக் கேட்டுவிட்டேன். மாநிலக் குழுவே இல்லாதபோது யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று பேசி என்ன ஆகப்போகிறது? வாத்தியார் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். "இப்பத்தான் தம்பி அதிகமாப் பேசணும். முன்ன ஒரே வாசல். ஈப்போவுல எடுத்தா எடுத்தான், இல்லன்னா இல்ல. இப்ப நம்ம பையன் பினாங்கு போவானா, சிலாங்கூர் போவானா, ஜொகூர் போவானான்னு பார்க்கணும்." ஜொகூர் டாருல் தக்ஸிம் 2014 முதல் தொடர்ந்து 11 முறை லீக்கை வென்ற குழு. அங்கே போவது மழைக்கு வானத்தைத் தொடுவது மாதிரி என்றார் லோரிக்காரர். ஆனாலும் ஏழாம் எண்ணுக்கு நேராக ஜொகூர் என்று சீட்டில் எழுதியிருந்தது அவர்தான்.

அமெரிக்காவில் இளம் ஆட்டக்காரர்களை வரிசை போட்டு எடுக்கிற முறை உண்டு. போன பருவத்தில் கடைசியாக வந்த குழுவுக்கு முதல் தேர்வு என்பது போல ஒரு ஒழுங்கு. ரசிகர்கள் மாதக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருக்க அது வசதி. நம் நாட்டில் அப்படிப் பொதுப் பட்டியல் கிடையாது. பையன் பள்ளிக்கு ஆட வேண்டும், மாவட்டத்துக்கு ஆட வேண்டும், மாநிலப் பள்ளிக் குழுவுக்குப் போக வேண்டும். 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தில் யார் கண்ணிலாவது பட்டால் பகாங்கில் கம்பாங் அகாடமிக்குப் போகலாம். இல்லையென்றால் கிளப்புகளின் இளையோர் குழு. 1985-இல் தொடங்கிய பிரசிடென் கிண்ணம் இதற்கான பெரிய வாசல். யார் உள்ளே போனார்கள் என்பது போன பிறகுதான் ஊருக்குத் தெரியும். அதனால்தான் நம்பர் சீட்டு.

பேச்சு பழைய ஆட்டக்காரர்களிடம் போனது. போகாமல் இருக்குமா? 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கோல் காத்த 1980. ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பிறகு புறக்கணிப்பால் போகாமல் நின்ற குழு அது. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் போனபோது தோட்டத்தில் அடுப்பு மூட்டவில்லை என்றார் கடைக்காரர். 2010-இல் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து தென்கிழக்காசியக் கிண்ணத்தை வாங்கித் தந்தது, அந்தக் குழுவில் எஸ். குணாளன் ஓடிய ஓட்டம், பேரா சட்டையில் கென்னி பால்ராஜும் ஜே. பார்த்திபனும் ஆடியது, எல்லாம் வந்தது. இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வேரிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டியும் வந்தது. 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடிய குழு. 2022 பருவத்தோடு அதுவும் நின்றுபோனது. "நம்ம பிள்ளைங்களுக்கு அது ஒரு வாசலா இருந்துச்சு" என்றார் வாத்தியார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பத்து மணிக்குத் திடலுக்குப் போனோம். மோட்டாரில் பத்து நிமிடம், செம்பனைக்கு ஊடே மண்பாதை. கோல் கம்பங்கள் பழைய தண்ணீர்க் குழாய்கள். திடலின் ஒரு பக்கம் தாழ்வு. அங்கே பந்து போனால் லோங்காங்குக்குள்தான். பந்தை எடுக்க ஒரு சின்னப் பையனும் நீளக் கம்பும் தயாராக இருந்தார்கள். தோட்டம் இருந்த காலத்தில் இந்தத் திடலில்தான் தீபாவளிக் கிண்ணம் நடக்குமாம். 1989-இல் பகுதித் தொழில்முறை லீக் வருவதற்கு முன் நன்றாக ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, வேலை கிடைக்கும். போலீசில், மின்சார வாரியத்தில், ரயில்வேயில். பால் வெட்டுகிற வீட்டில் ஒருவன் காக்கிச் சட்டை போட்டது பந்தால்தான் என்று லோரிக்காரர் தன் அண்ணனைக் காட்டிச் சொன்னார். அண்ணன் காட்சிக்கு இல்லை, காலமாகிவிட்டார். அவர் நின்று ஆடிய இடத்தைக் காட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. நான்காம் எண் தற்காப்பு. உயரம், அவசரமில்லாத கால். ஏழு நல்ல வேகம், வாத்தியார் சொன்னபடி வலது பக்கம் மட்டும். ஒன்பது கோல் போட்டான், ஆனால் கத்திக்கொண்டே இருந்தான். கத்துகிறவனைப் பயிற்றுநர்களுக்குப் பிடிக்காது என்று ஒரு கட்சி, அதுதான் பிடிக்கும் என்று இன்னொரு கட்சி.

எனக்குக் காற்பந்து நுணுக்கம் அதிகம் தெரியாது. ஆனாலும் பதினைந்து நிமிடத்தில் என் கண் ஒரே ஆளிடம் போய் நின்றுவிட்டது. பதினொன்று. ஒல்லி, இடது கால். பந்து வருவதற்கு முன்பே யாரிடம் கொடுப்பது என்று பார்த்துவைத்திருந்தான். தாழ்வான பக்கத்தில் மற்றவர்கள் பந்தை லோங்காங்குக்கு விட்டபோது, அவன் அந்தச் சரிவையே பயன்படுத்தி இரண்டு பேரைத் தாண்டினான். சீட்டை வாங்கிப் பார்த்தேன். 4, 7, 9, 1, 6 இருந்தன. 11 இல்லை.

"பதினொன்னை ஏன் எழுதல?"

மூவரும் திடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வாத்தியார்தான் சொன்னார். "அவனுக்கு ஐசி இல்ல தம்பி."

பையனுக்குப் பதினாறு வயது. அப்பா குடிமகன், நீல அடையாளக் கார்டு. அம்மா இங்கேயே தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை. இருவரும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். திருமணத்தைப் பதிவு செய்தது பையன் பிறந்த பிறகு. நம் சட்டப்படி, பதிவுத் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை குடியுரிமைக்குத் தாயைத்தான் பின்பற்றும். தாயிடம் காகிதம் இல்லையென்றால் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று எழுதிவிடுவார்கள். 1982 மார்ச் முதல் பதிவுத் திருமணம் கட்டாயம். ஆனாலும் கோயிலோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. வாசகர்களுக்கும் ஒன்றிரண்டு வீடுகள் நினைவுக்கு வரும்.

ஊர்ப் போட்டியில் அவன் ஆடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தேர்வுக்குப் போனால் முதல் மேசையிலேயே அடையாளக் கார்டு நகல் கேட்பார்கள். போன வருடம் ஒரு முறை வாத்தியார் தெரியாமல் கூட்டிப் போயிருக்கிறார். வரிசையில் நின்று, மேசை வரை போய், திரும்பி வந்திருக்கிறார்கள். "காடியில வரும்போது அவன் ஒண்ணுமே பேசல. போத்தா பாலம் வந்ததும், சார், ஆத்துல தண்ணி அதிகமா இருக்குல்லன்னு கேட்டான். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு சீட்டில் அவன் எண்ணை எழுதுவதில்லை என்று மூவரும் சொல்லாமலே முடிவு செய்திருக்கிறார்கள். எழுதினால் யாராவது படித்து அவனிடம் சொல்வார்கள், அவன் மறுபடி நம்புவான்.

வழி அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலையில் இளவயதினரைக் குடிமக்களாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்கு வயது வரம்பு உண்டு. இளையோர் லீக்குக்கும் வயது வரம்பு உண்டு. இரண்டு கடிகாரமும் அந்த ஒல்லிப் பையனுக்காகச் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கின்றன. மனு கொடுக்கத் தாயின் பிறப்புக்குச் சாட்சி வேண்டும். தோட்டத்துக் கிராணியின் பழைய பேரேடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிரசவம் பார்த்த ஆயா இல்லை. தோட்டமே இல்லை. லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு கிழவி இப்போது சித்தியவானில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, லோரிக்காரர் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறார். முதல் முறை அவருக்கு இவரையே அடையாளம் தெரியவில்லை. இரண்டாம் முறை கொம்பியா வாங்கிக்கொண்டு போனாராம். அப்போது ஞாபகம் வந்திருக்கிறது.

ஆட்டம் முடிந்து பையன்கள் குழாயடியில் கால் கழுவினார்கள். பதினொன்று எங்களைக் கடந்து போகும்போது, "மாமா, தே வாங்கித் தருவீங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டான். "கோல் போட்டவனுக்குத்தான்" என்றார் அவர். "நான் கொடுத்த பந்துதானே அது?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

மறுவாரம் ஞாயிறு இரவு கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. நாலையும் ஆறையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழு இல்லை. ஏழுக்கு ஜொகூர் எழுதிய லோரிக்காரர் ஒரு வாரத்துக்கு எல்லாருக்கும் தே வாங்கித் தர வேண்டும், மறுக்கிறார், நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். பதினொன்றைக் கேட்டேன்.

"புதன்கிழமை ஈப்போ பதிவிலாகாவுக்குக் கூட்டிட்டுப் போறோம் தம்பி. கிழவியும் வருது. லோரிக்காரர்தான் காடி ஓட்டுறாரு."