குன்னூர் ஈரமும் ஒரு கிதாபும்

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரில் துணி காயாது. வடகிழக்குப் பருவமழையோடு வரும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியேறிவிடும். குளிர் காகிதத்துக்கு நல்லது, ஈரம்தான் எமன். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பது சுவடிப் பாதுகாப்பாளர்களின் கணக்கு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ராவுத்தர் குடும்பத்து அலமாரியில் தலைமுறைகளாக இருந்த அரபு எழுத்துக் கையெழுத்துக் கிதாபைச் சீர்செய்யச் சென்னையிலிருந்து ஒரு பெண் பாதுகாப்பாளர் வந்திருக்கிறார் என்று நண்பர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

மாடியறையில் சன்னல் பக்கம் மேசை. வாயில் முகக்கவசம், கையில் மெல்லிய தூரிகை. "சார், விசிறியைப் போட்டுடாதீங்க. பூஞ்சைத் தூள் ரூம் பூரா பறக்கும்" என்றார். தைத்த முதுகிலிருந்து ஓரம் நோக்கி ஒரே திசையில் துடைத்துக்கொண்டே போனார். முன்னும் பின்னும் தேய்த்தால் தூள் காகித நாருக்குள் இறங்கிவிடுமாம்.

அடுத்தது மையைச் சோதிப்பது. ஓர் எழுத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு தண்ணீர் வைத்து, ஒற்றுத்தாள் துணுக்கால் ஒற்றினார். தாளில் கருப்பு ஏறியது. விளக்குப் புகைக்கரியைப் பிசினோடு குழைத்த மை என்பதற்கு அது அடையாளம். நூறாண்டானாலும் மங்காது, ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றின் துவர்ப்போடு இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்யும் மை இதற்கு நேர்மாறு. அது கரையாது, காலப்போக்கில் காகிதத்தையே அரித்துத் தின்னும். எந்த மை என்று தெரியாமல் ஈரத்துணியை எடுப்பவர் நூலைக் கொன்றுவிடுவார்.

கிழிசலை ஒட்டுவதைத்தான் நான் வெகுநேரம் பார்த்தேன். ஜப்பானிய மெல்லிழைத் தாளில் தூரிகையால் ஒரு நீர்க்கோடு இழுத்து, அந்தக் கோட்டிலேயே பிய்த்தார். கத்தரியால் வெட்டினால் ஓரம் கூர்மையாக நின்று பழைய காகிதத்தை வெட்டும். பிய்த்தால் நார்கள் பூமுடிபோல் நீண்டு பழைய நாரோடு கலந்துவிடும். பசை, கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சி வடிகட்டியது. "நாளைக்கு இன்னொருத்தர் இதைவிட நல்லா செய்வாங்க. அவங்க வந்து பிரிக்கிற மாதிரி ஒட்டணும்." ஒட்டிய இடத்தின் மேலே ஒற்றுத்தாள், அதன் மேலே கண்ணாடித் துண்டு. காயும்வரை அடுத்த பக்கத்தைத் தொடவில்லை. இத்தனை பொறுமை தேவைப்படும் இந்த வேலைக்கு நம் ஊரில் கிடைக்கும் ஊதியமும் பெயரும் மிகக் குறைவு. அச்சடித்த நூலுக்கு ஆசிரியர் பெயர் உண்டு; அழிவிலிருந்து மீண்ட நூலில் மீட்டவர் பெயர் எங்கும் இருப்பதில்லை.

பக்கத்தைச் சாய்த்து விளக்கொளியில் காட்டினார். மையில்லாத வரிகள் தெரிந்தன. அட்டையில் நூல்களை வரிசையாகக் கட்டி, அதன்மேல் வெற்றுத்தாளை வைத்து விரலால் நீவினால் கோடு பதியும். மிஸ்தரா என்று பெயர். இஸ்தான்புல், இஸ்பஹான், ஆர்க்காடு என்று எங்கே எழுதினாலும் எழுத்தர் கையில் இந்தக் கருவி இருந்தது. பக்க எண் கிடையாது. விரித்த நூலின் வலப்பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதிவைப்பார்கள். கட்டு அவிழ்ந்து தாள்கள் குலைந்துபோனாலும் அந்தச் சொல்லைப் பிடித்து வரிசைப்படுத்திவிடலாம். பூச்சி அரிக்காமலிருக்க முதல் தாளில் "யா கபீகஜ்" என்று எழுதிவைக்கும் வழக்கமும் இஸ்லாமியச் சுவடி உலகத்தில் பரவலாக இருந்தது. இந்தக் கிதாபில் அது இல்லை. வசம்புத் துண்டுகள்தான் இருந்தன. நம் ஓலைச்சுவடிக்கு வைத்த அதே வசம்பு.

நீலகிரிக்கும் அரபு, பாரசீக ஏடுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், குன்னூருக்கு எதிரே தெரியும் ஹுலிக்கல் துர்க்கத்தைப் பார்க்கலாம். அது திப்பு சுல்தானின் காவற்கோட்டை. திப்புவின் அரண்மனையில் சுமார் 2,000 நூல்கள் கொண்ட அரபு, பாரசீக நூலகம் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் அது கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனது. அதற்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் 1809இல் வெளியிட்ட விரிவான அட்டவணை கேம்பிரிட்ஜில் அச்சானது. அரசர்களின் நூல்கள் இப்படிக் கடல்கடந்தாவது பிழைத்தன. வீட்டு அலமாரிகளில் இருந்தவற்றுக்கு அட்டவணை போட யாரும் வரவில்லை.

கிதாபின் முன்பாதி, நபிகளின் புகழ்பாடும் அரபு மௌலூது. பின்பாதியைப் பாதுகாப்பாளரால் படிக்க முடியவில்லை. வீட்டுப் பெரியவரான நன்னிம்மாவுக்கும் முடியவில்லை. "ஓதத் தெரியும்பா. ஆனா இது ஓதுறப்ப அரபு மாதிரி வாயில வரல" என்றார். அதற்காகத்தான் மறுநாள் சமவெளியிலிருந்து மார்க்க அறிஞரான ஒரு ஹஜ்ரத்தை வரவழைத்திருந்தார்கள்.

ஹஜ்ரத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். கூடியிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தமிழ்! தொழுகைக்கு முன் ஒளு செய்யும் முறை, நோன்பின் சட்டம், நடுவே பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் செய்ய வேண்டிய கைவைத்தியம். பக்கத்து வீட்டுப் படுகர் கல்லூரி மாணவி, "எங்க ஹெத்தையும் இதையேதான் கொடுப்பாங்க" என்று தன் பாட்டியைச் சொன்னாள். எழுத்தைப் பார்த்தபோது வேற்றாளாக நின்ற அனைவருக்கும் காது திறந்ததும் அது சொந்த வீட்டுப் பேச்சாகிவிட்டது.

அரபு எழுத்தில் எழுதும் தமிழான அரபுத்தமிழ் அப்படிப்பட்டது. ட, ங, ஞ, ள, ழ முதலிய அரபியில் இல்லாத ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளிகள் கூட்டி, எகர ஒகரத்துக்குத் தனிக் குறிகள் சேர்த்து அமைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அதில் நூல் நூலாக எழுதினார்கள். பின்னர் பள்ளிக்கூடத் தமிழ் வந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்து அந்நியமானது. துருக்கியில் 1928இல் ஒரு சட்டம் இதைச் செய்தது. லத்தீன் எழுத்து வந்தபின் வளர்ந்தவர்களால் தாத்தாவின் கடிதத்தையே படிக்க முடியவில்லை. இங்கே சட்டம் எதுவும் போடவில்லை. யாரும் கவனிக்காமலே நடந்து முடிந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நைந்துபோன குர்ஆன் தாள்களைக் கால் படாமல் புதைப்பதோ நீர்நிலையில் விடுவதோ முஸ்லிம்களின் மரியாதையான வழக்கம். எழுத்து ஒன்றுபோல் இருப்பதால், வீட்டுக் கணக்கும் வைத்தியக் குறிப்பும் பாட்டும் அந்த மரியாதையோடு சேர்ந்தே மண்ணுக்குள் போய்விடுகின்றன. நன்னிம்மாவும் இந்தக் கிதாபைப் பள்ளிவாசலில் ஒப்படைக்கத்தான் எடுத்துவைத்திருந்தாராம்.

கண்ணாடிப் பேழையில் பொன்னெழுத்துப் பக்கத்தை வைத்து விளக்குப் போட்டால் பொதுமக்கள் வந்து பார்ப்பார்கள், பாராட்டுவார்கள், போய்விடுவார்கள். ஏட்டை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டுமானால் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், பத்துப் பேர் சுற்றி உட்கார வேண்டும். சீர்செய்பவருக்கும் படிப்பவருக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்காத எந்தத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு கிதாபு இருந்தால், புதைப்பதற்கு முன் அரபுத்தமிழ் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். அரபு, பாரசீக, உருதுச் சுவடிகளையும் காத்துவரும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869 முதல் இயங்கிவருகிறது. அங்கே ஒரு கடிதம் போடுங்கள்.