தஞ்சாவூர் வீட்டுப் பிறந்தநாளுக்குத் தலையாட்டி பொம்மையே தீம்!

குழந்தைக்கு இரண்டு வயது நிறையப்போகிறது என்றால், டெல்டா வீடுகளில் முதலில் எழும் கேள்வி 'எங்கே கொண்டாடுவது' என்பதல்ல. 'என்றைக்குக் கொண்டாடுவது' என்பதுதான். பாட்டிக்கு நட்சத்திரம் முக்கியம். அம்மாவுக்குத் தேதி முக்கியம்.

"நட்சத்திரம் வர்ற அன்னிக்குக் கோயில்ல அர்ச்சனை பண்ணி, வீட்ல பாயசம் வெச்சா அதுதாம்மா பிறந்தநாள்" என்பார் மாமியார். "அது இருக்கட்டும் அத்தை... தேதி அன்னிக்கும் ஏதாவது செய்யணும்ல?" என்பார் மருமகள். அந்த 'ஏதாவது' என்ற ஒரு சொல்லுக்குள்தான் இன்று தீம், பலூன் வளைவு, மூன்றடுக்கு கேக், போட்டோகிராபர் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பாட்டியின் கட்சிக்குத் தஞ்சாவூரே சாட்சி. 1010-ல் பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜ சோழனுக்கு, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி சதயத்தில் ஊர் கூடிப் பிறந்தநாள் எடுக்கிறது. 2022-ல் தமிழக அரசு அதை அரசு விழாவாகவும் அறிவித்தது. ராஜாவுக்கே நட்சத்திரம்தான் கணக்கு. எனவே, நட்சத்திர நாளைப் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிடலாம். தேதியை மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் சண்டை முடிந்தது.

தேதியைக் குழந்தைக்குக் கொடுப்பது என்றால் என்ன? கஷ்டமான கேள்வி அதுதான்.

யாருக்காக இந்த விழா?

மண்டபத்தில் கேக் வெட்டும் நேரம் பெரும்பாலும் இரவு ஏழரை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது கண்ணைச் சொருகும் நேரம். புதுத் துணி குத்தும், மைக் சத்தம் காதைத் துளைக்கும், தெரியாத முகங்கள் கன்னத்தைக் கிள்ளும். பெரிய தலை மாட்டிக்கொண்டு ஆடிவரும் கார்ட்டூன் வேஷக்காரரைப் பார்த்து, பல குழந்தைகள் அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழும். அழுகைக்கு நடுவே எடுத்த படங்களில் சிரிப்பவர்கள் பெரியவர்கள் மட்டும்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நெல்லை நம்பி வாழும் வீட்டில் பணம் தேதி பார்த்து வராது. சம்பா நடவு முடிந்து, உரத்துக்காக நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் குழந்தையின் பிறந்தநாள் வரும். அறுவடைப் பணம் தை, மாசியில்தான் கைக்கு வரும். "பக்கத்து வீட்ல மண்டபம் பிடிச்சாங்களே" என்ற ஒரு வார்த்தைக்காக அந்த மாதத்தில் இன்னொரு கடன் வாங்கினால், அதற்கான வட்டி அடுத்த பிறந்தநாள் வரை கூடவே வரும். வீட்டிலேயே செய்வது என்ற முடிவு கஞ்சத்தனம் இல்லை. குழந்தையின் தூக்கத்துக்கும் வீட்டின் நிம்மதிக்கும் அது நல்லது.

தீம் நமக்குப் புதிதில்லை

தீம் என்ற சொல்தான் புதிது. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் பூங்கா போட்டு, கேழ்வரகும் கடுகும் முளைக்க விட்டுப் புல்வெளி செய்து, கண்ணாடித் துண்டில் குளம் காட்டிய கைகள்தாம் இந்த வீடுகளில் இருக்கின்றன. ஒரு கருப்பொருளை எடுத்து, வீட்டில் இருப்பதைக் கொண்டே காட்சி அமைப்பது பாட்டிக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரிடம் யோசனை கேட்டால், அந்தப் பழைய நட்சத்திரச் சண்டைகூட மறந்துபோகும்.

எந்தத் தீம்? அதற்கும் வெளியே தேட வேண்டாம். பல வீடுகளின் ஷோகேஸிலேயே அது நிற்கிறது. 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை! காகிதக்கூழ், களிமண், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு செய்யும் இந்தப் பொம்மைகளில் இரண்டு வகை உண்டு. தலை, உடல், பாவாடை எனத் தனித்தனியாகக் கம்பியின் மேல் நின்று ஆடும் நாட்டியப் பெண் ஒன்று. எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும் ராஜா, ராணி இன்னொன்று. இரண்டாவதன் ரகசியம் எளிது. அடிப்பாகம் உருண்டை, எடை முழுக்க அடியில், மேல்பாகம் லேசு. அதனால் சாய்த்தவுடன் எடை அதைத் திரும்ப நிமிர்த்திவிடும்.

நாளெல்லாம் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருக்கும் வயதுக்கு இதைவிடப் பொருத்தமான தோழன் யார்? தள்ளினால் எழும், மறுபடி தள்ளினால் மறுபடி எழும். குழந்தை சலிக்காமல் சிரிக்கும்.

பத்து நாள் முன்பே தொடங்குங்கள்

முதல் வேலை வயல். மருந்து கலக்காத நெல்லில் இரண்டு கைப்பிடி எடுத்து ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் இன்னொரு நாள் கட்டி வையுங்கள். முளை எட்டிப்பார்த்ததும் பழைய தட்டில் மண் பரப்பித் தெளித்துவிட்டால், விழா நாளில் பச்சைப்பசேல் என்று நாற்றங்கால் தயார். கேக் மேஜைக்கு நடுவில் அதை வையுங்கள். ஷோகேஸ் ராஜா, ராணியை அதன் பின்னால் நிறுத்துங்கள். பெயின்ட் அடித்த பொம்மை என்பதால் குழந்தையின் வாய்க்கும் கைக்கும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது, குழந்தைகள் தள்ளி விளையாட வீட்டுப் பொம்மை. நன்றாக உருண்டையாக உள்ள கொட்டாங்கச்சியை எடுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அடியில் மூன்றில் ஒரு பங்கு களிமண்ணை அழுத்தி, நிழலில் காயவிடுங்கள். காய்ந்து சுருங்கி ஆடினால் ஃபெவிகால் விட்டு ஒட்டுங்கள். பழைய காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, வாயை முழுக்க மூடி ஒட்டினால் பொம்மையின் உடல் வந்துவிடும். தள்ளிப் பாருங்கள். எழ மறுத்தால் கூம்பு உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் வெட்டிக் குறையுங்கள். கண், மூக்கு, மீசை வரையும் வேலையை வீட்டிலுள்ள அக்கா, அண்ணன்களிடம் கொடுத்துவிடுங்கள். மணி, பாசி, பொத்தான் எதையும் ஒட்ட வேண்டாம்.

தோரணத்துக்குத் தென்னங்குருத்து போதும். கிளி, பூ என்று பின்னத் தெரிந்த தாத்தா ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டும் நெட்டி மாலை கிடைத்தால் இன்னும் அழகு. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடும் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றதுதான். லேசான பொருள், பிய்த்தால் துண்டாக வரும். எனவே உயரமாகக் கட்டுங்கள்.

இவை வேண்டாம்

ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. பலூன் இல்லாமல் முடியாது என்றால், ஊதிக் கட்டும் வேலையைக் குழந்தை இல்லாத அறையில் செய்து, கைக்கு எட்டாமல் கட்டி, விழா முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுங்கள். நுரை ஸ்பிரேயை மெழுகுவத்தி எரியும் இடத்தில் அடித்தால் தீப்பற்றலாம். முழு வேர்க்கடலையும் சுண்டலும் இந்த வயதுக்கு ஆகாது.

அலங்காரத் தெர்மாகோலும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. இலையும் பாக்குமட்டைத் தட்டும் கிடைக்கும் ஊரில் அவற்றுக்குத் தேவையும் இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரம்

மதியத் தூக்கம் முடிந்து குழந்தை உற்சாகமாக இருக்கும் நேரம், அநேகமாக மாலை நாலரை. ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். குழந்தைக்கு முகம் தெரிந்த ஐந்தாறு குழந்தைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் போதும். ஜமக்காளம் விரித்துப் பொம்மைகளை நடுவில் வைத்தால், விளையாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேக் இடத்தில் திருவையாறு அசோகா வரலாம். பாசிப்பருப்பை வேகவைத்து நெய்யில் கிளறிய அந்த இனிப்பு வாயில் வைத்ததும் கரையும். பல் இல்லாத கொள்ளுப்பாட்டியும் சாப்பிடலாம். கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்தால் அதற்கும் பொம்மையின் உருண்டை வடிவம் வந்துவிடும். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. எனவே, பிறந்தநாள் குழந்தைக்குப் பெயருக்கு ஒரு விரல் நுனி போதும். வயிறு நிறைய இட்லியும் மசித்த பூவன் பழமும் இருக்கட்டும். அதே வயதில் வரும் விருந்தாளிக் குழந்தைகளுக்கும் அதுவே நல்லது.

குழந்தை பாதியில் சிணுங்கினால் உள்ளே தூக்கிக்கொண்டு போங்கள். பாட்டு பாடாமல் விட்டாலும், போட்டோ வராமல் போனாலும் குடி முழுகிவிடாது. வந்தவர்கள் புரிந்துகொள்வார்கள், அவர்கள் வீட்டிலும் அதே வயதில் ஒன்று இருக்கிறது.

வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கொட்டாங்கச்சி பொம்மையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ரிட்டர்ன் கிஃப்ட்டுக்குத் தனிச் செலவு இல்லை. மறுநாள் காலையில் அந்த நாற்றங்கால் தட்டைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துப்போய், ஈரமான ஓர் ஓரத்தில் குழந்தையின் கையாலேயே நாற்றை ஊன்றச் சொல்லுங்கள். கோணல்மாணலாகத்தான் நடும். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, நிமிர்த்திவைத்துக்கொண்டே போவார்.